பழைய படகின் கம்பளத்துக்கு அடியில்



ஆண்டிறுதி விடுமுறையை எவ்வாறு கழித்தீர்கள் என்று ஆசிரியர் அறையில் நண்பர்கள் வினவியபோது, "படகு பழுதுபார்த்தேன்" என்று விடையளித்தேன். அனைவரும் நகைத்தனர். முப்பது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடித்த கைக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கே அவ்வையம் இருந்தது. ஆயினும் அந்தப் பழைய படகு எனக்குக் கற்பித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன்.

என் மைத்துனர் கிள்ளானில் வசிப்பவர். தூண்டில் மீன்பிடிப்பில் பெருவிருப்பம் கொண்டவர். வாடகைப் படகுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து வைத்தால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்பது அவருடைய நெடுநாள் கணக்கு. போர்ட் கிள்ளானில் முப்பதடி நீளமுள்ள விசைப்படகு ஒன்று விலைக்கு வருகிறது, பங்கு சேர்கிறீர்களா என்று அவர் கேட்டார். மீன்பிடிப்பில் எனக்கு நாட்டமில்லை. எனினும் நான் இணங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. எண்பத்தேழு வயதாகும் என் தந்தையாரை ஒருமுறை கடல்வழியே அழைத்துச் சென்று, கடலிலிருந்து அந்தத் துறைமுகத்தைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் துறைமுகத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம் அது. என் தந்தையார் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி அங்கேதான் வந்திறங்கினார். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வங்கக் கடலில் நம்மவரைச் சுமந்தது. வந்திறங்கிய அதே துறைமுகத்தில் அவர் பின்னாளில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார்.

ரஜூலாவுக்குப் பின்னர் அவ்வழியில் ஓடிய கப்பல் 'எம்.வி. சிதம்பரம்'. பெயரைக் கேட்டதும் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யின் நினைவே நமக்கு வரும். ஆனால் அந்தக் கப்பல் பிறந்தபோது அதன் பெயர் வேறு. 1966இல் பிரான்சு நாட்டில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்டு, ஐரோப்பாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே சில நூறு பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல் அது. 1970களின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகம் அதனை விலைக்கு வாங்கி, உள்ளமைப்பை மாற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்துச் செல்லும்படி அடுக்குப் படுக்கைகள் பொருத்தி, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடவிட்டது. நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான் ஆகிய துறைகளை அது தொட்டுச் சென்றது. ஆக, நம்முடைய தலைமுறையினர் 'நம் கப்பல்' என்று கொண்டாடியதும் ஒரு பழைய கப்பலே. வாங்கிச் சீரமைத்து ஓட்டப்பட்டதே.

1978இல், பத்து வயதில், அதில் நான் பயணம் செய்திருக்கிறேன். கப்பலின் கைப்பிடிக் கம்பியில் வண்ணப்பூச்சு தடித்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் வெள்ளைக்குக் கீழே வேறொரு நிறம் தெரிந்தது. அதனைச் சுரண்டிச் சுரண்டியே என் பயண நாள்கள் கழிந்தன. நாகப்பட்டினத்துக்கு அப்பால் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகில் இறங்கிக் கரை சேர்ந்தோம்.

ஏழு ஆண்டுகள் சென்றன. 1985ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் சென்றுகொண்டிருந்த சிதம்பரம் கப்பலில் நடுக்கடலில் தீ மூண்டது. ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர். அத்தோடு அக்கப்பலின் பயணிகள் சேவை முற்றுப்பெற்றது. அதே ஆண்டில் உடைப்பதற்கு விற்கப்பட்டது. நாளிதழில் அச்செய்தியைப் படித்த தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்நாள் முதல் அவரிடம் ஒரு வழக்கம் தோன்றியது. திருமண மண்டபமோ திரையரங்கோ மருத்துவமனையோ, எங்கே நுழைந்தாலும் இருக்கையில் அமருமுன், "அவசரம்னா வெளியே போற வழி எது?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அமர்வார். இளமையில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. நண்பர்களின் முன்னிலையில் அவர் அவ்வாறு கேட்கும்போது நான் சற்று விலகி நின்றுகொள்வேன்.

நிற்க. படகுக்கு வருவோம்.

படகு பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. கண்ணாடி இழையால் வார்க்கப்பட்ட உடல், 1980களின் வார்ப்பு. வெளியே புதிதாக வெள்ளை வண்ணம் பூசியிருந்தனர். உள்ளே நீலக் கம்பளம், புதிய மெத்தைகள், சிறு சமையல் அடுப்பு. டீசல் பொறி முதல் முயற்சியிலேயே ஓடியது. விற்றவர் முப்பத்தெட்டாயிரம் ரிங்கிட் கேட்டார், முப்பத்தைந்தாயிரத்துக்கு முடித்தோம். படகைக் கரையேற்றி, அறிந்தவர் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும் என்பது இத்தொழிலில் முதல் விதி. அதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணி, நீரில் மிதந்த நிலையிலேயே வாங்கிவிட்டோம். பிழை எங்களுடையது. பொறியை அன்று காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பதும் பின்னர்தான் புரிந்தது. பழைய பொறியின் குணத்தை அறிய, அது முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது இயக்கி, வெளிவரும் புகையைப் பார்க்க வேண்டுமாம். கரும்புகை எரியாத எரிபொருளைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை நிற்காமல் வந்தால் பொறியின் அழுத்தத்தில் குறை இருக்கலாம், அல்லது நீர் உள்ளே புகுகிறது என்று ஐயுற வேண்டும்.

போர்ட் கிள்ளானில் கடலின் ஏற்றவற்றம் பெரிது. பெருநாள்களில் ஐந்து மீட்டர் அளவுக்கும் நீர்மட்டம் மாறும். நீர் உயரும் வேளை பார்த்துப் படகைத் தண்டவாளத் தொட்டிலில் ஏற்றி, ஆற்றோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். பட்டறைக்காரர் எழுபது வயதைக் கடந்த சீனப் பெரியவர். என் தொழிலை அறிந்த நாள்முதல் என்னைச் 'சிக்கு' என்றே அழைத்தார். ஆசிரியரை மலாயில் அவ்வாறு அழைப்பது நம் நாட்டில் அனைவருக்கும் பழக்கம். அவர் கையில் ஒரு சிறு சுத்தியல் இருந்தது. அணியத்திலிருந்து அமரம் வரை, அதாவது முன்முனையிலிருந்து பின்முனை வரை, ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். உறுதியான இடத்தில் 'டண்' என்ற ஒலி எழுந்தது. சில இடங்களில் 'தொப்' என்று ஒலி அமுங்கியது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து மலாயில் சொன்னது இவ்வளவுதான்: "சிக்கு, முதலில் உள்ளே போய் அந்தக் கம்பளத்தை எடுத்துவிடுங்கள்."

கம்பளத்தை எடுத்தோம். அதன் அடியில் ஒட்டுப்பலகைத் தளம் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. தளத்தைப் பெயர்த்தபோது, பொறியைத் தாங்கும் நெடுஞ்சட்டங்கள் இரண்டும் தெரிந்தன. வெளியே கண்ணாடி இழைப் பூச்சு நன்றாகவே இருந்தது. திருப்புளியால் குத்தியதும் அது உள்ளே இறங்கியது. உள்ளிருந்த மரம் நனைந்த கேக்கைப் போல உதிர்ந்தது. யாரோ எப்போதோ ஒரு திருகாணிக்காகத் துளையிட்டு, அத்துளையை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அவ்வழியே பல ஆண்டுகள் நீர் கசிந்து, வெளியேற வழியின்றி மரத்தை உள்ளேயே உளுக்கச் செய்துவிட்டது. கண்ணாடி இழை உளுக்காது; அது பொதிந்து வைத்திருக்கும் மரம் உளுத்துவிடும். ஒரு திருகாணித் துளைக்காகப் பொறியையே வெளியே தூக்க வேண்டியதாயிற்று.

அடுத்து வால்வுகள். படகின் அடிப்பகுதியில் கடல்நீரை உள்ளே எடுப்பதற்கும் வெளியே விடுவதற்கும் துளைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு இருக்கும். எங்கள் படகில் இருந்தவை குளியலறைக் குழாய்களுக்குரிய சாதாரணப் பித்தளை வால்வுகள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை என்று நாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறோம். கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. எஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில், பஞ்சு போன்ற துளைகளுடன் கூடிய வலுவற்ற செம்பு. பெரியவர் ஒன்றைத் திருகினார். அது அவர் கையோடு முறிந்து வந்தது. நடுக்கடலில் அது முறிந்திருந்தால் கட்டைவிரல் பருமனுள்ள துளை வழியே கடல் உள்ளே வந்திருக்கும். அனைத்தையும் அகற்றி வெண்கல வால்வுகளைப் பொருத்தினோம். ஒவ்வொரு குழாய் முனைக்கும் இரண்டு இறுக்கு வளையங்கள்.

நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் அம்மைக் கொப்புளங்களைப் போன்ற புடைப்புகள் இருந்தன. குத்தினால் புளித்த காடி நாற்றமுள்ள நீர் வடிந்தது. பல்லாண்டுகள் நீரிலேயே கிடக்கும் பழைய வார்ப்புகளில் இது இயல்பாம். கொப்புளங்களைத் தேய்த்துத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, முற்றிலும் உலர்த்திய பின்னரே எப்பாக்சிப் பசையால் நிரப்ப வேண்டும். உலர்த்துவது என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் எளிய செயலா! பிற்பகல்தோறும் மழை. கூரைத்துணி கட்டி, மின்விசிறி வைத்து, வாரந்தோறும் ஈரமானியால் அளந்துகொண்டே நான்கு மாதங்கள் காத்திருந்தோம். ஈரத்தின் மேல் பூசிவிட்டால் ஓராண்டில் மீண்டும் கொப்புளம் வரும் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் ஆகும் வரை எனக்கும் மைத்துனருக்கும் இடையே ஒரு சுடுசொல்லும் எழவில்லை. மின்கம்பிகளில்தான் எழுந்தது.

சுவர்ப் பலகையைக் கழற்றியபோது உள்ளே வீட்டுக்குப் பயன்படுத்தும் தடித்த ஒற்றைச் செம்புக்கம்பி ஓடியது. படகு எந்நேரமும் அதிர்வதால் இத்தகைய கம்பி உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும்; மெல்லிய இழைகள் பலவற்றைத் திரித்து, வெள்ளீயம் பூசிய கம்பியையே படகில் பயன்படுத்த வேண்டும். மின்கலத்திலிருந்து வந்த முதன்மைக் கம்பியில் உருகியே இல்லை. எரிபொருள் தொட்டிக்குப் பின்னால் ஓரிடத்தில் கம்பியின் உறை கருகியிருந்தது. எப்போதோ ஒருமுறை அங்கே தீப்பொறி எழுந்து, தானே அணைந்திருக்கிறது. எரிவாயு உருளையோ அறைக்குள்ளேயே இருந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, முன்னறையின் கூரையில் இருந்த அவசரக் கதவு, மழைநீர் ஒழுகுகிறது என்பதற்காகப் பசையிட்டு நிலையாக மூடப்பட்டிருந்தது. அந்த அறையில் உறங்குபவர் வெளியேற ஒரே வழி, பொறிக்கும் அடுப்புக்கும் பக்கத்திலிருந்த படிக்கட்டுதான்.

அப்போது எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒன்பதாயிரம் ரிங்கிட். மைத்துனர் அதனைக் குளிரூட்டிக்கும் புதிய மெத்தைகளுக்கும் ஒதுக்கியிருந்தார். அவர் மனைவி மக்களுக்கு வாக்களித்துவிட்டார். "மச்சான், பலகைக்குப் பின்னால இருக்கற வயரை யார் பார்க்கப் போறா? இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலியே. அடுத்த வருசம் மாத்திக்கலாம்" என்றார். நான் உடன்படவில்லை. குரல் உயர்ந்தது. "நீங்க பள்ளிக்கூடத்துல திருத்தற மாதிரி இங்கயும் திருத்தறீங்க" என்று சொல்லிவிட்டு அவர் மகிழுந்தில் ஏறிப் போய்விட்டார். மூன்று வாரங்கள் எங்களுக்குள் பேச்சு இல்லை. என் மனைவிக்கும் அவள் தம்பிக்கும் இடையிலும் மனத்தாங்கல் ஏற்பட்டது. ஒரு படகுக்காக உறவை முறித்துக்கொள்வதா என்று அவள் கேட்டபோது என்னிடம் விடையில்லை.

சண்டையிட்ட அன்றிரவு, போர்ட் கிள்ளானிலிருந்து கொமுட்டர் தொடர்வண்டியில் பிரிக்பீல்ட்சுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நான் வாழும் அந்த வட்டாரத்தின் பெயரே செங்கல்லால் வந்தது. 1881இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு கட்டிய வீடுகள் இனி வேண்டா, செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுங்கள் என்று ஆட்சியினர் வற்புறுத்தினர். அந்தக் கட்டடங்களுக்குச் செங்கல் சுட்ட இடமே இன்றைய பிரிக்பீல்ட்ஸ். தீ வந்த பிறகு கல்லால் கட்டுவது எல்லோருக்கும் தெரிந்த அறிவுதான். வருமுன் கம்பியை மாற்றச் சொன்னால் மட்டும் அது ஆசிரியரின் பிடிவாதம் ஆகிவிடுகிறதே என்று எனக்கு வருத்தம் ஏற்பட்டது.

ஆனால் வண்டி நிலையத்தை அடையுமுன் என் தவறும் எனக்கு நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர், இடையில் மாற்றலாகி என் வகுப்புக்கு ஒரு மாணவன் வந்தான். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். பயிற்சி ஏடு பளிச்சென்றிருக்கும். முந்தைய தேர்ச்சி அறிக்கையிலும் நல்ல மதிப்பெண். நான் மனநிறைவோடு இருந்தேன். ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், கரும்பலகையில் இல்லாத ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னபோதுதான் அவனால் ஒரு வரியும் வாசிக்க இயலாது என்பது வெளிப்பட்டது. அவன் பார்த்து எழுதுவதில் வல்லவன், அவ்வளவே. ஏழு மாதங்கள் அவன் ஏட்டின் அட்டையைப் பாராட்டிக்கொண்டிருந்தவன் நான். ஆகவே மைத்துனரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கம்பளத்தைப் பார்த்து மகிழ்வது மனித இயல்பு.

மறுவாரம் நானே அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் வெளியூர் போயிருந்தார். கருகிய கம்பித் துண்டை அவருடைய உணவு மேசையின் மேல் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து, "மச்சான், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று தொலைபேசியில் கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. குளிரூட்டி கைவிடப்பட்டது. கம்பிகள் அனைத்தும் மாற்றப்பட்டன. மின்கலத்தின் அருகே உருகி வைக்கப்பட்டது. எரிவாயு உருளை அறையை விட்டு வெளியேறியது. படிக்கட்டின் பக்கத்தில் ஒன்றும் முன்னறையில் ஒன்றுமாகத் தீயணைப்பான்கள் வந்தன. ஒட்டியிருந்த அவசரக் கதவை உளியால் நெம்பித் திறந்து, புதிய ரப்பர் விளிம்பு பொருத்தி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே கையால் திறக்குமாறு தாழ்ப்பாள் அமைத்தோம்.

பதினைந்தாயிரம் ரிங்கிட்டில் முடிப்போம் என்று தொடங்கிய வேலை நாற்பத்தோராயிரத்தில் முடிந்தது. வாங்கிய விலையைவிட அதிகம். நான்கு மாதங்கள் என்று எண்ணியது பதினான்கு மாதங்கள் ஆயிற்று. பழைய படகு வாங்க நினைக்கும் அன்பர்கள் என் கணக்கைக் கருத்தில் கொள்ளுங்கள். கரையேற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கம்பளத்தை எடுக்க விற்பவர் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், அதே அளவு பணத்தைச் சீரமைப்புக்கு வைத்திருங்கள். மெத்தையும் திரைச்சீலையும் கடைசியில் வரட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீர் உயர்ந்த வேளையில், தந்தையாரைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினோம். முந்தைய ஒரு வாரமும் படகை நீரில் விட்டு, நாள்தோறும் அடித்தளத்தைக் கையால் தடவிப் பார்த்திருந்தோம், உலர்ந்தே இருந்தது. மைத்துனரின் பிள்ளைகள் தாத்தாவை மெத்தையில் அமரச் சொன்னார்கள். அவர் அமரவில்லை. நின்றபடியே சுற்றிலும் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்த அதே வினாவைக் கேட்டார்.

"ஏம்பா, அவசரம்னா வெளியே போற வழி எது?"

நான் வாய் திறக்குமுன், என் மைத்துனர் முன்வந்து அவர் கையைப் பற்றி முன்னறைக்கு அழைத்துச் சென்றார். "இதோ மாமா, இப்படித் தள்ளணும்" என்று காட்டினார். தந்தையார் தாமே தாழ்ப்பாளைத் தள்ளினார். கதவு திறந்தது, வானம் தெரிந்தது. மூடினார். மீண்டும் ஒருமுறை திறந்து மூடினார். பிறகு வந்து மெத்தையில் அமர்ந்து, "சரி, போகலாம்" என்றார்.

இளமையில் அவர் அவ்வினாவைக் கேட்டபோதெல்லாம் விலகி நின்றவன் நான். அன்று அவர் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டேன். படகு கப்பல்துறையைக் கடந்து சென்றது. சிதம்பரம் எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தோழன்.